வானத்தைக் காட்டும் திரை: கடைசி வரிதான் கடினம்

பழைய மானிட்டர் ஒன்று சும்மா கிடந்தது. அதில் வெளியே தெரியும் வானத்தின் படம், அதன் மேல் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம், அடியில் அடுத்த சில மணி நேரத்துக்கு ஒரே ஒரு வரி முன்கணிப்பு. இதுதான் திட்டம். மற்றதெல்லாம் சில நாட்களில் வந்துவிட்டது. அந்த ஒரு வரிதான் மூன்று மாதத்தை எடுத்துக்கொண்டது.

ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஒன்று, ஒரு யூஎஸ்பி வெப்கேம், வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம் மூன்றையும் அளக்கும் பிஎம்இ280 சென்சார் ஒன்று. இதே அளவில், இதே தோற்றத்தில் பிஎம்பி280 என்று இன்னொரு சென்சார் உண்டு. அதில் ஈரப்பதம் கிடையாது. எனக்கு முதலில் வந்தது அதுதான். சிப்பின் அடையாள எண்ணைப் படித்தால் தெரிந்துவிடும். ஹெக்ஸில் (பதினாறடிமான எண்முறையில்) 60 வந்தால் பிஎம்இ, 58 வந்தால் பிஎம்பி.

முதலில் சென்சாரை ராஸ்பெர்ரி பையின் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தேன். அந்தக் கணினியின் சூட்டில் வெப்பநிலை எப்போதும் ஏறியே காட்டியது. வெளியே கொண்டுபோனால் வெயில் நேராகப் பட்டு இன்னும் ஏறியது. வெள்ளை பிளாஸ்டிக் தட்டுகளைக் கவிழ்த்து, இடைவெளி விட்டு அடுக்கி, நடுவில் சென்சாரைத் தொங்கவிட்டேன். காற்று உள்ளே புக வேண்டும், வெயில் புகக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். வானிலை நிலையங்களில் இருக்கும் வெள்ளை மரப்பெட்டியும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதை வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர்.

அடுத்தது படத்தின் மேல் எழுத்து. நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்து, பைத்தான் நிரல்மொழியில் படங்களைக் கையாளும் பில்லோ என்ற நிரல் நூலகத்தால் அதில் எழுதினேன். தமிழில்தான் வர வேண்டும் என்று உறுதியாக இருந்தேன். வந்ததைப் பார்த்தால் ‘வெப்பநிலை’யில் ஒற்றைக்கொம்பு வகரத்துக்கு வலப்பக்கம் நின்றது, கடைசி ஐகாரக் குறியும் லகரத்தைத் தாண்டிப் போய் நின்றது. எழுத்துருவில் கோளாறு என்று நினைத்து நாலைந்து எழுத்துருக்களை மாற்றிப் பார்த்தேன். காரணம் வேறு. யூனிகோடில் மெய்க்குப் பிறகுதான் கொம்பு சேமிக்கப்படுகிறது. வரையும்போது அதை இடப்பக்கம் நகர்த்த வேண்டியது மென்பொருளின் வேலை. பில்லோவின் சாதாரண முறை அதைச் செய்யாது. ராக்ம் என்ற நூலகம் உடன் இருந்தால் செய்யும். அதை நிறுவிய மறுநிமிடம் ‘வெப்பநிலை’ ஒழுங்காக வந்து உட்கார்ந்தது. அன்று எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

வெண்மேகத்தின் மேல் வெள்ளை எழுத்து தெரியாது என்பதால் பின்னால் பாதி ஒளிபுகும் கறுப்புப் பட்டை ஒன்று போட்டேன். இன்னொரு தொல்லை, சில நேரம் படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக வந்தது. கோப்பு எழுதி முடியும் முன்பே திரை அதைப் படித்துவிடுகிறது. வேறு பெயரில் முழுதாக எழுதி முடித்து, அப்புறம் பெயரை மாற்றினால் போதும், பிரச்சினை தீர்ந்தது.

இனி அந்தக் கடைசி வரி. ஜாம்பிரெட்டி முறை என்று ஒன்று உண்டு. லண்டனில் கருவிகள் செய்துவந்த நெக்ரெட்டி அண்ட் ஜாம்ப்ரா நிறுவனம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிட்டது. கடல்மட்டத்துக்குத் திருத்திய அழுத்தம், அது ஏறுகிறதா இறங்குகிறதா, காற்றின் திசை, பருவம் ஆகியவற்றைக் கொடுத்தால் 26 முன்கணிப்புகளில் ஒன்றைச் சொல்லும். நிரல் எழுதுவது சுலபம். அழுத்தத்தைத் திருத்துவதும் அப்படித்தான்; கடல்மட்டத்துக்கு அருகில் சுமார் 8 மீட்டர் உயரத்துக்கு 1 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) குறையும்.

என் திரையோ தினமும் மதியம் ‘வானிலை மோசமாகும்’ என்றது, இரவானால் ‘தெளியும்’ என்றது. மேகமே இல்லாத நாளிலும் அதே கதை. பத்து நாள் அழுத்தத்தை வரைபடமாகப் போட்டதும் விஷயம் விளங்கியது. ஒவ்வொரு நாளும் இரண்டு மேடு, இரண்டு பள்ளம். காலை 10, இரவு 10 மணி வாக்கில் உச்சம். விடிகாலை 4, மாலை 4 மணி வாக்கில் தாழ்வு. சூரியன் வளிமண்டலத்தைச் சூடாக்குவதால் எழும் அலை இது. மிதவெப்ப நாடுகளில் பெரிய காற்றழுத்த மாற்றங்களுக்கு நடுவே இது எடுபடாது. வெப்பமண்டலத்தில் இது நாளுக்குச் சில ஹெக்டோபாஸ்கல் வரை போகும். நான் தேடிய மாற்றம் பல நாள் அதைவிடச் சிறியது. அந்த முறையோ பிரிட்டனின் வானத்துக்காகச் செய்யப்பட்டது.

அதனால் மூன்று மணி நேரத்துக்கு முந்தைய அளவோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டேன். நேற்று இதே நேரத்து அளவோடு ஒப்பிட்டேன். அலை இரு நாளும் ஒரே இடத்தில் இருப்பதால் கழிந்துபோகிறது. மிஞ்சுவது உண்மையான மாற்றம். அன்றிலிருந்து அந்த வரி பேசுவதில் அர்த்தம் இருக்கிறது.

எவ்வளவு அர்த்தம் என்று தெரிய ஒரு எதிராளி வேண்டும். ‘நேற்று எப்படியோ, இன்றும் அப்படியே’ என்ற கணிப்பையும் கூடவே எஸ்கியூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்தில் பதிகிறேன். பழைய முறை இதனிடம் தோற்றது. புதியது, வானிலை மாறும் நாட்களில் முந்துகிறது. பிற்பகல் சூட்டில் திடீரென்று திரளும் இடிமழையை மட்டும் இரண்டுமே பிடிப்பதில்லை. அழுத்தம் அதை முன்கூட்டிச் சொல்லாது. அதற்கு வெப்கேம்தான் நல்ல துணை. மேகம் கோபுரம்போல் எழும்புவதைக் கடைசி ஒரு மணி நேரப் படங்களை வேகமாக ஓட்டினால் நன்றாகவே பார்க்கலாம். அந்த ஓட்டத்தை இப்போது திரையின் ஓரத்தில் சின்னதாக வைத்திருக்கிறேன்.

மழைமானி இன்னும் பொருத்தவில்லை. சாய்கிண்ண வகை ஒன்று, அதாவது குறிப்பிட்ட அளவு நீர் சேர்ந்ததும் கிண்ணம் சாய்ந்து கொட்டும் வகை, மேசையில் இருக்கிறது. அளந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எத்தனை முறை சாய்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.