குரூப் 1 மெயின்ஸ்: அம்பேத்கர் கேள்வியில் நான் விட்டதும் பிடித்ததும்

போன வாரம் ரிசல்ட் வந்தது. இன்டர்வியூ லிஸ்டில் என் நம்பர் இருக்கிறது. அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

முதல் அட்டெம்ப்டில் அம்பேத்கர் பெயரைப் பார்த்ததும் கை நிற்கவில்லை. ஏப்ரல் 14 ஆனால் அவர் படத்துக்கு மாலை போட்டு வளர்ந்த தெரு எங்களுடையது. மோவ் பிறப்பு, கொலம்பியா, லண்டன், வரைவுக்குழு, நாக்பூர் தீட்சை என்று பக்கத்தை நிரப்பினேன். கேட்டிருந்ததோ ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கான சட்டசபை இடங்கள் பற்றிய பூனா ஒப்பந்தத்தில் கிடைத்தது என்ன, போனது என்ன என்று. அதற்கு நான் எழுதியது நாலே வரி. அந்த வருடம் கட் ஆஃபில் போனது.

இந்த முறை ஒப்பந்தத்தையே எடுத்துப் படித்தேன். மொத்தமே ஒன்பது ஷரத்துதான். ஏ4 தாளில் கையால் எழுதி மேசைக்கு மேலே ஒட்டினேன். மாகாண சபைகளில் அவர்களுக்கு ஒதுக்கிய 148 இடம், அதில் சென்னைக்கு 30. முதலில் ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் நாலு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள், அப்புறம் பொது வாக்காளர்கள் எல்லோரும் சேர்ந்து அதில் ஒருவரை. கையெழுத்திட்டவர்களில் எம்.சி. ராஜா, ரெட்டைமலை சீனிவாசன், ராஜாஜி உண்டு.

எழுதும்போதுதான் உறைத்தது. 1932 ஆகஸ்ட் 16-இல் வந்த பிரிட்டிஷ் அரசின் அறிவிப்பு தனி வாக்காளர் தொகுதியோடு (ஒடுக்கப்பட்ட வகுப்பினர் மட்டுமே ஓட்டுப் போட்டுத் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பது) இரட்டை ஓட்டையும் (பொதுத் தொகுதியிலும் இன்னொரு ஓட்டு) தந்திருந்தது. செப்டம்பர் 24-இல் ஒப்பந்தம் கையெழுத்தானதும் அது போய்விட்டது. அந்த இரண்டாவது ஓட்டு விலைமதிப்பில்லாதது என்று அம்பேத்கரே பின்னால் எழுதினார். அதைப் படித்த அன்று வேறு எதையும் என்னால் படிக்க முடியவில்லை. "இடம் கூடியது, ஓட்டு போனது." இந்த முறை பதிலை இந்த வரியில்தான் தொடங்கினேன்.

பொதுக் குளத்தில் தண்ணீர் எடுக்கும் உரிமைக்காக மஹத் ஊரில் அம்பேத்கர் நடத்திய போராட்டத்துக்கு 1927 மார்ச் 20 என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். 1923-இல் பம்பாய் சட்டசபைத் தீர்மானம், 1924-இல் நகராட்சி சவுதார் குளத்தைக் காகிதத்தில் திறந்துவிட்டது, 1927-இல் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள், 1937-இல்தான் உயர்நீதிமன்றத் தீர்ப்பு. ஒரு கை தண்ணீருக்குப் பதினாலு வருடம்.

மற்றவை:
- புகழ்ச்சி இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். அவர் மேல் பிரியம் உள்ளவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.
- 1927 டிசம்பர் 25 மனுஸ்மிருதி எரிப்பு, மஹத். 1930 மார்ச் 2 காலாராம் கோயில் நுழைவுப் போராட்டம், நாசிக். ஊர் மாறிவிடும், கவனம்.
- எனக்கு மனப்பாடம் வராது. கையால் எழுதினால்தான் நிற்கும்.
- 1951-இல் அவர் சட்ட அமைச்சர் பதவியை ராஜினாமா செய்ததை விடாதீர்கள். இந்து சட்டத் தொகுப்பு மசோதா பற்றிய அந்தப் பத்தி பெண்கள் உரிமைக் கேள்விக்கும் எனக்குக் கை கொடுத்தது.