சோபா உறை

2003 முதல் ஆறு வருடம் லண்டனில் ஒரு துணிக்கடையின் பெண்கள் பிரிவில், ட்ரையல் ரூம் வாசலில் நின்றேன். உள்ளே எத்தனை உருப்படி போகிறதோ அந்த எண் போட்ட பிளாஸ்டிக் அட்டையைக் கொடுப்பது, திரும்பி வரும்போது எண்ணி வாங்குவது, வேண்டாம் என்றதை ஹேங்கரில் மாட்டுவது, அவ்வளவுதான் வேலை. ஆனால் அங்கே நின்றால் முந்தின நாள் ராத்திரி டிவியில் என்ன ஓடியது என்று பார்க்காமலே தெரிந்துவிடும்.

அது டிரின்னி, சூசன்னா காலம். பிபிசியில் 2001-ல் தொடங்கிய, எதை உடுத்தக்கூடாது என்று சொல்லும் 'வாட் நாட் டு வேர்' நிகழ்ச்சியை நடத்திய இரண்டு பெண்கள். உடுத்தத் தெரியாதவர் என்று ஒருவரைக் கூடப் பழகுகிறவர்களே மாட்டிவிடுவார்கள், ஆளுக்குத் தெரியாமல் படம் பிடிப்பார்கள், அப்புறம் சுற்றிலும் கண்ணாடி பதித்த ஒரு கூண்டுக்குள் நிற்கவைத்து கை, இடுப்பு, தொடை என்று பிரித்துப் பிரித்துப் பேசுவார்கள், பழைய துணிகளைக் கொடுத்துவிடச் சம்மதித்தால் 2,000 பவுண்டு. நானும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். தொழிலுக்கும் உதவியது, பொய் சொல்லக்கூடாது. மார்பு பெரியவர்கள் கழுத்துவரை மூடினால் இன்னும் கனமாகத் தெரியும், வி கழுத்து போடுங்கள் என்று அவர்கள் சொன்னதை நானும் நூறு பேருக்காவது சொல்லியிருப்பேன்.

ஒருநாள் ஐம்பது வயதிருக்கும் ஒருவர், பெரிய பெரிய பூப்போட்ட கவுனில் திரையை விலக்கிக்கொண்டு வந்து, எப்படி என்று கேட்டார். என் மேல் டிரின்னி இறங்கிவிட்டார் போல. "சோபா உறை மாதிரி இருக்கிறது" என்றேன். அவரும் சிரித்தார், சத்தமாகவே சிரித்தார். இரண்டே நிமிடத்தில் தன் உடையில் வெளியே வந்து ஆறாம் எண் அட்டையையும் ஆறு உருப்படியையும் என் கையில் வைத்துவிட்டுப் போனார். அதில் மூன்று, பொத்தான்கூடக் கழற்றாமல் அப்படியே இருந்தன. துணியைத்தானே சொன்னேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில்தான் உறைத்தது. துணி உறை என்றால் சோபா யார்?

2006-ல் சேனல் 4-ல் கோக் வான் வந்தார், அவரும் பெண்களுக்கு உடை யோசனை சொல்கிறவர்தான். லெஸ்டர்காரர், பதின்வயதில் 21 ஸ்டோன், அதாவது 130 கிலோவுக்கு மேல் இருந்தவர், கேலி என்றால் என்னவென்று வாங்கித் தெரிந்தவர். பெண்களை உள்ளாடையோடு இடுப்பளவு வரிசையில் நிறுத்தி, இதில் உன் இடம் எது என்று கேட்பார். வந்தவர் அநேகமாகத் தன்னைவிடப் பெருத்தவர் பக்கத்தில் போய் நிற்பார். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. கடைக்கு வழக்கமாக வரும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் எப்போதும் 18-ஆம் சைஸ்தான் கேட்பார். "அக்கா, 14 போட்டுப் பாருங்க" என்றால், "விசரே தங்கச்சி, எனக்கு ஏறாது" என்பார். ஏறும். தோள் சரியாக உட்கார்ந்திருக்கும், அதை நம்பாமல் லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

கோக்கும் கிண்டல்காரர்தான், வாய் ஓயாது. ஆனால் அந்தப் பெண்ணோடு சேர்ந்துகொண்டு கிண்டல் செய்வார். நானும் பாட்டை மாற்றிக்கொண்டேன். ஜிப் பாதியில் நின்றால், "இதைத் தைத்தவர் இதுவரை ஒரு பெண்ணையும் நேரில் பார்த்ததில்லை" என்பேன். சிரித்துக்கொண்டே அடுத்த உருப்படியை எடுப்பார்கள்.

அதற்காகக் கோக்கைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடவும் மாட்டேன். உன் உடம்பை நேசி என்பார், மறு நிமிடம் மூச்சைப் பிடிக்கிற உள்ளாடை ஒன்றை எடுத்து நீட்டுவார், அதற்கு மேல் ஒரு அகலப் பெல்ட். கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்ததில் நானும் ஒன்று வாங்கினேன். எட்டு மணி நேரம் அதைப் போட்டு நின்றுகொண்டு, "உங்களுக்கு என்ன குறை, நன்றாகத்தானே இருக்கிறீர்கள்" என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்க் கழற்றினால் வயிற்றைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு. காலையில்கூடச் சில நாள் அது இருக்கும்.