யாருடைய பாட்டு

பாபநாசம் மலையில் காணிப் பழங்குடியினரின் குடியிருப்பு ஒன்று. எது என்று பெயர் சொல்லாமல் விடுகிறேன். அங்குள்ளவர்கள் கேட்டுக்கொண்டது அது. பாட்டுகளையும் வைத்திய முறைகளையும் ஒலிப்பதிவு செய்யும் வேலையாக அங்கே போய்வர ஆரம்பித்தபோது, என் பையில் இரண்டு பக்க ஒப்புதல் படிவம் இருக்கும். வாசித்துக் காட்டுவேன், கைநாட்டு வாங்குவேன், அப்புறம் ரெக்கார்டரைத் தட்டிவிடுவேன். எல்லாம் முறையாகத்தான் நடக்கிறது என்று நம்பினேன்.

ஒரு ராத்திரி பிலாத்தி பாட்டா சாற்றுப்பாட்டு பாடினார். பிலாத்தி என்றால் காணிகளின் வைத்தியர். சாற்றுப்பாட்டு, நோய் தீரப் பாடுவது. கையில் கொக்கரை. விளிம்பு நெடுக வெட்டுப் போட்ட இரும்புக் குழல் அது. கம்பியால் உரச உரச, கரகரவென்று தாளம் எழும்பும். அந்தத் தாளத்தின் மேல் குரல் ஏறும். விடியும் வரை உட்கார்ந்து பதிவு செய்தேன். அவ்வளவு சுத்தமான பதிவு எனக்கு அதுவரை அமைந்ததில்லை.

மறுநாள் சாயங்காலம் ஊர்த் தலைவரான மூட்டுக்காணியின் வீட்டுத் திண்ணையில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன். பாதிப் பாட்டில் நோயாளியின் பெயர் வந்தது, என்ன நோய் என்பதும் வந்தது. கூட்டத்தில் இருந்த ஒரு பெண் சட்டென்று எழுந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் நிறுத்தினேன். பாட்டா சொன்னார்: “பாடுனது நான்தான் பிள்ள. பாட்டு அவளுக்குள்ளது.”

கைநாட்டு வைத்தவர் அவர். கேட்டிருக்க வேண்டியது அவளையும். எனக்கு அது தோன்றவே இல்லை.

பதிவை அழித்துவிடலாம் என்று அலுவலகத்தில் சொன்னேன். படிவம் இருக்கிறதே, என்ன பிரச்சினை என்றார்கள். அழிக்க வைப்பதற்குள் இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் நான் மலைக்குப் போகவில்லை; போக முகமில்லை.

அப்போதுதான் ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையின் கதையைத் திரும்பப் படித்தேன். மலைக்கு அந்தப்புறம், கேரளத்தில் நடந்தது. 1987-இல் ஆராய்ச்சியாளர்களோடு காட்டுக்குள் வழிகாட்டியாகப் போன காணிகள், களைப்புத் தெரியாமல் இருக்க ஒரு காயைத் தின்றுகொண்டே நடந்தார்கள். அது என்ன செடி என்று சொல்ல முதலில் அவர்களுக்கு மனமில்லை. பிறகு சொன்னார்கள். அதிலிருந்து ‘ஜீவனி’ மருந்து வந்தது. 1995-இல் பத்து லட்சம் ரூபாய்க்கும் 2 சதவீத ராயல்டிக்கும் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் போனது. அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. 1997-இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் பதிவானது. உலகம் முழுக்க இதை முன்மாதிரி என்று பேசினார்கள். பேச வேண்டியதுதான், அந்தக் காலத்தில் யார் பாதி கொடுத்தார்கள்? ஆனால் அதே 1995-இல் ஒன்பது பிலாத்திகள், எங்கள் அறிவை விற்கக் கூடாது என்று கேரள முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள். செடியைக் காட்டியவர்கள் இரண்டு மூன்று பேர். அறிவோ பல ஊர்களில் பரவிக் கிடந்தது. பணத்தைப் பங்கு வைக்க வழி கண்டார்கள். எல்லோரிடமும் முதலிலேயே கேட்பதற்கு வழி வைக்கவில்லை. அந்தத் திண்ணையில் என்னால் நடந்ததும் அதேதான், சின்ன அளவில்.

திரும்பிப் போனபோது, அழித்தாயிற்று என்று முதலில் அந்தப் பெண்ணிடம்தான் சொன்னேன். “சரி” என்றாள். அவ்வளவுதான். நானும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

இப்போது எதையும் ஊர்க்கூட்டத்தில் போட்டுக் காட்டாமல் கீழே கொண்டு வருவதில்லை. வேண்டாம் என்றால் அங்கேயே அழிப்போம். ஒரு நகல் மெமரி கார்டில் மூட்டுக்காணி வீட்டுத் தகரப்பெட்டியில் இருக்கும். எதைப் பதிவு செய்வது என்பதையும் அவர்களே சொல்கிறார்கள். பாட்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஓடைகளின் பெயர், பழைய குடியிருப்பு இருந்த இடம், தேன் எடுக்கப் போகும் தடம், இதையெல்லாம் பிடி என்றார்கள். காரணம் இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டத்தின் விதிகளில், மூத்தோர் சொல்லி எழுதி வாங்கிய வாக்குமூலமும் ஒரு சான்று. பட்டா காகிதம் பார்த்திராத ஊருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

ரெக்கார்டரை இப்போது பிடிப்பது பத்தாவது படித்த இரண்டு பிள்ளைகள். நான் பின்னால் நடந்து போகிறேன். போன வாரம் ஓர் ஓடையின் பெயரில் பாட்டாவுக்கும் ஓர் ஆச்சிக்கும் சண்டை. ஒருவர் சொன்னதை மற்றவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. இரண்டு பெயரையும் எழுதி, யார் எதைச் சொன்னார்கள் என்றும் குறித்துக்கொண்டார்கள்.