பட்டா இங்கே, மூலப்பத்திரம் அங்கே

பள்ளிப்பட்டு வட்டத்தில் எங்களுக்கு ஒரு ஏக்கர் எண்பது சென்ட் நிலம் இருக்கிறது. அதன் பேரில் வங்கிக் கடன் கேட்டபோது, பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு, தாத்தா 1968-இல் வாங்கிய கிரயப் பத்திரத்தையும் கொடுத்தேன். வங்கியின் வழக்கறிஞர் அந்தப் பத்திரத்தில், விற்றவருக்கு 1954-ஆம் ஆண்டுக் கிரயத்தின்படி பாத்தியப்பட்டது என்று எழுதியிருந்த வரியின் கீழ்ப் பென்சிலால் கோடு போட்டு, அந்த மூலப்பத்திரத்தின் சான்றிட்ட நகல் வேண்டும் என்றார். எங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டேன். எங்கள் கிராமத்துக்கான புத்தகங்கள் 1960-இலிருந்துதான் அங்கே இருக்கின்றன என்றும், அதற்கு முந்தியவை ஆந்திரத்தில் இருக்கும் என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

காரணம் எனக்குத் தெரிந்ததுதான், ஆனால் அது ஒரு பத்திர நகல் வரை வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை. 1953 அக்டோபர் 1 அன்று சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அந்தப் பக்கம் போயிற்று. தமிழ் பேசுவோர் மிகுதியாக வாழ்ந்த திருத்தணிப் பகுதியும் அதோடு சேர்ந்து போயிற்று. அதைத் தமிழர் பக்கம் வைத்துக்கொள்வதற்காக ம.பொ.சி., மங்கலங்கிழார், கே. விநாயகம் போன்றோர் அதற்கு முன்பிருந்தே வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தி வந்தார்கள். பிறகு மத்தியஸ்தராக வந்த எச்.வி. படாஸ்கர், கிராமத்தையே அலகாகக் கொள்வது, அங்கே எந்த மொழி பேசுவோர் அதிகம் என்று பார்ப்பது, நிலத்தொடர்ச்சி விட்டுப்போகாமல் கோடு இழுப்பது என்ற முறையில் பரிந்துரை செய்ய, இரு மாநிலங்களும் அதை ஏற்றுக்கொண்டன. 1959-ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து சில பகுதிகள் ஆந்திரத்துக்குப் போயின. மகாராஷ்டிரமும் கர்நாடகமும் உரிமை கோரும் பெல்காம் வழக்கு இன்றும் உச்ச நீதிமன்றத்தில் கிடப்பதைப் பார்க்கும்போது, இங்கே நடந்தது நாகரிகமான தீர்வு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் கிராமத்தை மாற்றியவர்கள் கிராமத்தின் பத்திரங்களைப் பற்றி அவ்வளவாக யோசித்ததாகத் தெரியவில்லை. பதிவுப் புத்தகம் ஒரு கிராமத்துக்கென்று தனியாக இருப்பதில்லை. ஓர் அலுவலகத்துக்கு உட்பட்ட ஊர்கள் எல்லாவற்றின் பத்திரங்களும் வரிசையாக ஒரே புத்தகத்தில் நகலெடுக்கப்பட்டிருக்கும் என்பதால், ஊர் இந்தப் பக்கம் வந்துவிட்டாலும் புத்தகம் அங்கேயே தங்கிவிட்டது.

எல்லை தாண்டி அந்த அலுவலகத்துக்கு நான் மூன்று முறை போனேன். முதல் முறை, இப்போதைய கிராமங்களின் பட்டியலில் எங்கள் ஊர்ப் பெயர் இல்லை என்று சொல்லி மனுவைத் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டாம் முறை, 1959 சட்டத்தின் அட்டவணையில் எங்கள் ஊர்ப் பெயர் இருந்த பக்கத்தை அச்செடுத்துப் போனேன். அங்கிருந்த எழுத்தர் அதைப் படித்துவிட்டு, "மாதே, மாதே, பாத ஊரு" என்று சிரித்தார். எங்களுடையதுதான், பழைய ஊர் என்று பொருள். 1968 பத்திரத்திலேயே மூலப்பத்திரத்தின் எண், தொகுதி, பக்கம் எல்லாம் குறிக்கப்பட்டிருந்ததால் தேடும் வேலை இல்லை. அந்த மூன்றும் கையில் இல்லாமல் போகிறவர்கள், பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஆண்டுவாரியாக அட்டவணை தேடச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், அதற்கு நாள் பிடிக்கும். மூன்றாம் முறை நகல் கிடைத்தது.

நகல் தெலுங்கில் இருந்தது. எங்கள் வீட்டில் பேசுவது தமிழ், ஆனால் அப்பா ஐந்தாம் வகுப்பு வரை தெலுங்கில்தான் படித்தார். 1960-க்குப் பிறகுதான் பள்ளிக்கூடம் தமிழுக்கு மாறியது. ஆகையால் முதலில் அவரிடமே கொடுத்தேன். அச்செழுத்தைச் சரளமாகப் படிக்கிறவர், புத்தகத்தில் எழுத்தர் கூட்டெழுத்தாக ஓட்டியிருந்த கையெழுத்தில் தடுமாறினார். ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, ஜய வருஷம், பசலி (வருவாய்க் கணக்கு ஆண்டு) 1364 என்பதைக் கண்டுபிடித்து, நான்கு எல்லைகளையும் தமிழ் எழுத்தில் ஒரு நோட்டில் எழுதித் தந்தார். வழக்கறிஞருக்கு அது போதாது என்பதால், சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்புக்காக ஒருவரைத் தேடிப் போனோம். அவர் வீட்டுத் திண்ணையில் சத்தியவேட்டுப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், தமிழில் எழுதிய 1940-களின் பத்திரத்தைத் தெலுங்காக்கித் தரச் சொல்லிக் காத்திருந்தார். அவர் ஊர் இங்கிருந்து அங்கே போன ஊர்.

எல்லாவற்றையும் விடச் சிரமமாக இருந்தது நில எண்தான். எங்கள் பகுதி முன்பு கார்வேட்டிநகர் ஜமீனைச் சேர்ந்தது. ஜமீன் காலத்தில் நிலங்களுக்குப் பைமாஷ் எண் என்ற பழைய அளவை எண் ஒன்று உண்டு. 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு அளந்து நிலவரித்திட்டம் செய்தபோதுதான் சர்வே எண் வந்தது. 1954 பத்திரத்தில் பைமாஷ் எண் மட்டுமே இருந்தது, 1968 பத்திரத்தில் சர்வே எண் மட்டுமே இருந்தது. இரண்டும் ஒரே நிலம் என்பதைக் காட்ட, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் பதிவேட்டின் நகல் வேண்டும். ஓர் அலுவலகத்தில் அது மாவட்டத் தலைமையிடத்தில் இருக்கும் என்றார்கள், மாவட்டத்தில் வட்டத்தில் இருக்கும் என்றார்கள். இப்படியே நான்கு மாதம் போயிற்று. இடையில் 1960-இல் செங்கல்பட்டு மாவட்டம், 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் என்று ஆவணங்களும் இடம் மாறிக்கொண்டே வந்திருப்பதால், யாரையும் குறை சொல்லவும் முடியவில்லை. கடைசியில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போட்ட பிறகு, ஓரம் செல்லரித்த ஒரு பக்கத்தின் நகல் தபாலில் வந்தது. எங்கள் பைமாஷ் எண்ணுக்கு நேரே சர்வே எண் தெளிவாக இருந்தது.

நகல், மொழிபெயர்ப்பு, பைமாஷ் பக்கம், சட்டத்தின் அட்டவணைப் பக்கம் ஆகிய நான்கையும் வரிசையாகக் கோத்துக் கொடுத்த மறுவாரம் வழக்கறிஞர் கருத்துரை எழுதிக் கொடுத்தார், கடனும் கிடைத்தது. இப்போது சித்தப்பா தம் பங்குக்கும் இதே வேலையைச் செய்து தரச் சொல்கிறார். அவரிடம் இருக்கும் மூலப்பத்திரம் 1951-ஆம் ஆண்டுடையது, அசலே இருக்கிறது. பதிந்தது அதே அலுவலகம், எழுதியது அதே தெலுங்கு, ஆனால் ஆந்திரம் பிரிவதற்கு முந்தியது என்பதால் அது சென்னை மாநிலத்துப் பத்திரம். அவர் வழக்கறிஞர் இதற்கு என்ன கேட்கப்போகிறார் என்று தெரியவில்லை. அட்டவணைப் பக்கத்தை மட்டும் இன்னொரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.