கிரீஸ் எட்டாத அடிப்பக்கம்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்தவர்களுக்குத் தெரியும், கேட் திறந்ததும் இரண்டு பக்கத்து வண்டிகளும் ஒரே மூச்சில் கிளம்பும். அந்த இரைச்சலுக்கு நடுவிலும் என் வண்டியின் இடது முன்பக்கத்துச் சத்தம் எனக்குத் தனியாகக் கேட்டது. தண்டவாளத்தில் சக்கரம் ஏறும்போது ஒரு 'டக்', இறங்கும்போது ஒரு 'டக்'. சம்பா அறுவடை முழுவதும் அதைக் கேட்டுக்கொண்டேதான் ஓட்டினேன். தையிலும் மாசியிலும் வண்டியை நிறுத்த மனம் வராது. அறுத்த நெல் களத்தில் பனியில் கிடக்கும்போது, 'பட்டறையில் நிற்கிறது' என்று ஒரு விவசாயியிடம் எப்படிச் சொல்வது? 40 கிலோ மூட்டை 60 ஏற்றினால் 2,400 கிலோ. அத்தனை பாரத்தோடு வயல் வரப்பிலிருந்து கொள்முதல் நிலையத்துக்கு நாள் முழுவதும் நடை.

என்னுடையது டாடா 407, சின்ன லாரி. அந்த ரகம் 1986இல் வந்தது. என் வண்டி அதற்குப் பத்து வயது இளையது. முன்பக்கமும் ஸ்பிரிங் பட்டைதான். மேல் பட்டையின் இரண்டு நுனியும் சுருண்டு கண் போல இருக்கும். கண்ணுக்குள் கன்மெட்டல் புஷ், அதாவது தேய்மானத்தைத் தாங்கும் சின்ன உலோகக் குழல்; புஷ்ஷுக்குள் பின் என்கிற உருண்டை இரும்புக் கம்பி. ஒரு நுனி வண்டியின் அடிச்சட்டமான சேஸோடு பிணைந்திருக்கும். மறுநுனி ஷாக்கிள் என்கிற தொங்கும் இணைப்பில் ஊஞ்சல் போல ஆடும், ஏனென்றால் பாரம் அழுத்தும்போது பட்டை நீள இடம் வேண்டும். இந்தக் கண்களில் இடைவெளி விழுந்தால் அச்சு தன் இடத்தில் நிற்காது. பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும், முன் டயர் ஓரம் தின்னும். எனக்கு இரண்டுமே நடந்தன.

சித்திரையில் வெண்ணாறு மணலாகக் கிடந்த நாளில் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக்கை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சேஸை ஜாக்கியால் தூக்கித் தாங்கியில் நிறுத்தினார். பிறகு கடப்பாரையைப் பட்டைக் கண்ணுக்கு அடியில் கொடுத்து நெம்பினார். கண் மேலே வந்தது, உள்ளே இருந்த பின் மட்டும் அசையவில்லை. நடுவில் ஒரு நூல் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது.

இடது ஷாக்கிள் பின் வெளியே வர மறுத்தது. சில வருடங்கள் இந்த வண்டி வேதாரண்யத்திலிருந்து உப்பு ஏற்றியது. அந்தத் துரு இன்னும் உள்ளே இருந்தது. கேஸ் வைத்துச் சூடு காட்டலாமா என்று கேட்டேன். "பட்டைக்குச் சூடு காட்டாதே தம்பி, பதம் போய்விடும். பிறகு பாரத்தோடு போகும்போது கண்ணிலேயே முறியும்" என்றார். இரவு முழுவதும் டீசல் ஊற்றி ஊறவைத்தோம். காலையில் பித்தளைக் கட்டை வைத்து அடித்தபோது ஏழாவது அடியில் நகர்ந்தது.

அந்தப் பின்னைத் துடைத்து என் கையில் கொடுத்தார். மேல்பக்கம் புதிது போல வழவழவென்று இருந்தது. அடிப்பக்கத்தில் நகத்தை ஓட்டினேன். படிக்கட்டில் தடுக்குவது போல நகம் இடறியது. புஷ்ஷும் அப்படியே. மேல்பாதி தடிமனாக, கீழ்பாதி தகடாக, பிறை போலத் தேய்ந்திருந்தது. எனக்கு மனம் பொறுக்கவில்லை. மாதம் தவறாமல் கிரீஸ் அடிக்கிறவன் நான். கிரீஸ் ஏற்றும் முனையான நிப்பிளில் பம்பை வைத்தால் ஓரத்தில் கிரீஸ் பிதுங்கி வருவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மாமா கேட்ட ஒரே கேள்வி: "ஜாக்கி போட்டா அடித்தாய்?"

இல்லை. வண்டி தரையில் தன் பாரத்தோடு நிற்கும்போதே அடித்தேன். சேஸின் எடை முழுவதும் பின்னைப் புஷ்ஷின் கீழ்பாதியில் வைத்து அழுத்திக்கொண்டிருக்கும்போது கிரீஸ் அங்கே எப்படி நுழையும்? இடைவெளி இருக்கிற மேல்பக்கமாகப் போய் வெளியே வந்துவிடும். தேய்கிற இடம் காய்ந்தே கிடக்கும். சம்பா அறுவடையில் கதிரறுக்கும் இயந்திரம் சாலையில் இழுத்துவிடும் சேறு வேறு அந்தக் காய்ந்த இடத்தில் புகுந்து அரம் போல அராவும். சேஸைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டால் இடைவெளி கீழே மாறும். அப்போது அடித்தால்தான் கிரீஸ் போகவேண்டிய இடத்துக்குப் போகும். இருபது வருடமாக ஓட்டுகிறேன், இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஓட்டுகிற தம்பிகள் படிக்கவேண்டும் என்றுதான் இத்தனை விரிவாக எழுதுகிறேன்.

மற்ற வேலை சீக்கிரம் நடந்தது. பழைய புஷ்ஷின் உள்ளே ஆக்ஸா பிளேடை விட்டு, கண்ணில் கீறல் விழாமல் அறுத்து எடுத்தார். புதியதை நீளப் போல்ட்டும் வாஷரும் வைத்து முறுக்கி உள்ளே இழுத்தார். துளையைச் சீராக்கும் ரீமரை ஓட்டி, பின்னைக் கையால் தள்ளினால் நுழையும் அளவுக்குக் கொண்டுவந்தார். இரண்டு பக்கமும், எல்லாக் கண்ணிலும், புஷ்ஷைப் பின்னோடு சேர்த்தே மாற்றினோம். மூன்று வருடத்துக்கு முன் வேறொரு பட்டறையில் பழைய பின்னை வைத்துக்கொண்டே இடது புஷ்ஷை மட்டும் மாற்றினார்கள். முதலில் போனது அதுதான். ஷாக் அப்சார்பரின் ரப்பர் புஷ்களையும் மாற்றினோம். அவற்றின் நட்டை வண்டியைத் தரையில் இறக்கிப் பாரம் உட்கார்ந்த பிறகே முழுதாக இறுக்கினார். தொங்கும்போது இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் ஜாக்கி போட்டு நானும் மகனும் கிரீஸ் அடித்தோம். நான் பம்பை அழுத்தினேன், அவன் டார்ச்சோடு கீழே படுத்துக்கொண்டான். முதலில் கறுப்பாக வந்தது. பிறகு, "அடியிலும் மஞ்சளாக வருகிறது அப்பா" என்றான். கதவின் உள்பக்கத்தில் சாக்பீஸால் தேதியை எழுதி வைத்தேன். மேட்டூர் திறந்து குறுவைக்கு உரம் ஏற்றத் தொடங்குவதற்குள் இன்னொரு முறை அடித்துவிட வேண்டும்.