வியாழக்கிழமையே எண்ணை எழுதிவிடுங்கள்

அமெரிக்காவில் படித்த காலத்தில் இரண்டு சீசன் எங்கள் கல்லூரி பேஸ்பால் அணிக்குப் பந்து எண்ணிக் கொடுத்தேன். டக்அவுட் (வீரர்கள் உட்காரும் இடம்) ஓரத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவேன், கையில் கிளிக்கர், மடியில் சார்ட். எங்கள் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், போடும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு அழுத்து. என்ன பந்து, எங்கே போனது, ரேடார் கன் என்ன காட்டியது என்று ஒரு வரி எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த வாளியில் உட்கார்ந்து பார்த்த ஒரு வெள்ளிக்கிழமை இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

ஏப்ரல் மாதம். எங்கள் முதல் ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்), ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஆறு இன்னிங்ஸ் முடித்து வந்து உட்கார்ந்தபோது என் கிளிக்கரில் 98. ஒரு ரன் முன்னிலையில் இருந்தோம். கோச் அவன் பக்கத்தில் போய், "எப்படி இருக்க?" என்றார். "நல்லா இருக்கேன் கோச், இன்னும் ஒண்ணு போடுறேன்." ஒன்று இரண்டானது. கடைசியில் 127. ஆட்டத்தை ஜெயித்தோம், எல்லோரும் அவனைத் தூக்கிக் கொண்டாடினார்கள், நானும்தான் கை தட்டினேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவன் பந்து வழக்கத்தைவிட மணிக்கு 3 மைல் மெதுவாக வந்தது. அதற்கடுத்த வாரம் முழங்கையில் ஐஸ் கட்டிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

அந்த 127தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு முழங்கை எந்தப் பந்தில் கெட்டது என்று யாராலும் கை காட்ட முடியாது. ஆனால் அந்தக் கேள்வியை அந்த நேரத்தில், அந்தப் பையனிடம் கேட்டதே தப்பு என்று அன்றைக்கும் தோன்றியது, இன்றைக்கும் தோன்றுகிறது. பத்தொன்பது, இருபது வயதுப் பையன், ஒரு ரன் முன்னிலை, கூட்டம் எழுந்து நிற்கிறது, கோச் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார். "முடியலை" என்று எவன் சொல்வான்?

கல்லூரி பேஸ்பாலைப் பின்தொடராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கல்லூரி விளையாட்டின் உச்சப் பிரிவான டிவிஷன் 1 சீசன் பிப்ரவரி நடுவில் தொடங்கும். வழக்கமான சீசனில் அதிகபட்சம் 56 ஆட்டம். வார இறுதியில் வெள்ளி, சனி, ஞாயிறு என்று ஒரே எதிரணியோடு மூன்று, நடுவாரத்தில் ஒன்றோ இரண்டோ. அணியிலேயே சிறந்த பிட்சர் வெள்ளி இரவு போடுவார், அதனால் 'ஃப்ரைடே நைட் ஸ்டார்ட்டர்' என்பது ஒரு பட்டம் மாதிரி. அவருடைய முறை ஏழு நாளுக்கு ஒரு தடவை. தொழில்முறை ஆட்டத்தின் உச்சமான மேஜர் லீக்கில் ஐந்து அல்லது ஆறு நாளுக்கு ஒரு தடவை போடுகிறார்கள். ஆக, கல்லூரிப் பிட்சருக்கு ஓய்வு ஏராளம் என்று தோன்றும். வம்பே இங்கேதான். அடுத்த ஆட்டத்துக்கு ஆறு நாள் இருக்கிறதே என்கிற தைரியத்தில்தான் 100ஐத் தாண்டி 115, 120 என்று இழுக்கிறார்கள். பின்னால் வரும் ஓய்வு, ஒரே இரவில் களைத்த கையோடு போட்ட கடைசி இருபத்தைந்து பந்துகளை இல்லாமல் ஆக்கிவிடாது.

இதற்கு விதி இல்லையா? மேஜர் லீக்கும் தேசிய அமைப்பான யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து 2014ல் 'பிட்ச் ஸ்மார்ட்' என்று வயதுவாரியாக ஒரு வழிகாட்டி வெளியிட்டன. 19 முதல் 22 வயது வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் 120 பந்து என்கிறது அது. நல்ல அட்டவணைதான், ஆனால் பரிந்துரை மட்டுமே. உயர்நிலைப் பள்ளிகளில் 2017 சீசனிலிருந்து ஒவ்வொரு மாநிலமும் பந்து எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தாக வேண்டும். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏவில் அப்படி ஒரு கட்டாய வரம்பு கிடையாது. மே மாதம் வரை நடுவரும் விதிப்புத்தகமும் காத்த ஒரு கையை, அடுத்த பிப்ரவரியில் கோச்சின் மனசாட்சி மட்டும்தான் காக்கிறது. அந்த மனசாட்சி பெரும்பாலும் நல்ல மனசாட்சிதான், நான் பார்த்த கோச்சுகள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அவர்கள் வேலை ஜெயிப்பது.

எண்ணும் வேலையில் நான் கற்றுக்கொண்ட முதல் விஷயம், கிளிக்கரில் இருக்கும் எண் பாதி உண்மைதான் என்பது. ஆட்டத்துக்கு முன்னால் புல்பென்னில் (பிட்சர்கள் கையைச் சூடாக்கும் இடம்) முப்பது பந்து போல வீசிவிட்டுத்தான் வருவார்கள், அது கணக்கில் இல்லை. ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் முன்னால் வார்ம்அப்புக்குப் போடும் பந்துகளும் கணக்கில் இல்லை. அப்புறம், இன்னிங்ஸுக்குப் பதினைந்து என்று ஆறு இன்னிங்ஸில் போட்ட 90 வேறு, நான்காவது இன்னிங்ஸில் மட்டும் 34 போட்டு, மூன்று பேஸிலும் எதிரணி ஆள் நிற்க, ஒவ்வொன்றையும் உயிரைக் கொடுத்து எறிந்து வந்து சேர்ந்த 90 வேறு. இரண்டாவது 90க்குப் பிறகு கை நடுங்குவதைப் பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறேன். இரண்டாவது சீசனில் 25க்கு மேல் போன இன்னிங்ஸை எல்லாம் சிவப்புப் பேனாவால் சுழிக்க ஆரம்பித்தேன், யாரும் சொல்லாமலே.

களைப்பு எண்ணுக்கு முன்னால் உடம்பில் தெரியும். வேகம் இரண்டு மைல் குறையும். முழங்கை தோளுக்குக் கீழே இறங்கும். தாழ்வாக விழ வேண்டிய ஃபாஸ்ட்பால் மேலே மேலே போகும், ஸ்லைடர் வளையாமல் சும்மா மிதந்து வரும். முன்பெல்லாம் களைத்த பிட்சர் தான் நின்று வீசும் மேட்டைச் சுற்றி நடப்பார், மண்ணைக் காலால் சீவுவார், நேரம் எடுத்துக்கொள்வார், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். இப்போது பந்துக்குப் பந்து 20 விநாடிக் கடிகாரம் ஓடுவதால் அந்த அடையாளம் போய்விட்டது. மூச்சு வாங்கும் நேரமும் கூடவே போய்விட்டது.

இன்னொன்று, இன்றைய 100 பந்து பழைய 100 பந்து இல்லை. 2024 டிசம்பரில் மேஜர் லீக் வெளியிட்ட பிட்சர் காய அறிக்கை, அதிக வேகத்தைத் துரத்துவதையும் ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு எறிவதையும் முக்கியக் காரணங்களாகச் சொன்னது. முன்பு எட்டாவது, ஒன்பதாவது பேட்டருக்குக் கொஞ்சம் தளர்த்திப் போட்டுக் கையை மிச்சம் பிடிப்பார்கள். இப்போது முதல் பந்திலிருந்தே 96, 97. முழங்கையின் உட்பக்கத்தில் எலும்பையும் எலும்பையும் பிணைத்திருக்கும் லிகமென்ட் ஒன்றுதான், அது வேகத்தோடு சேர்ந்து வளர்வதில்லை. அது கிழிந்தால் டாமி ஜான் அறுவை சிகிச்சை. 1974ல் டாக்டர் ஃப்ராங்க் ஜோப் முதன்முதலாகச் செய்தது. திரும்பி வந்து பழையபடி போட ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும். கல்லூரி வாழ்க்கையே மூன்று நான்கு வருடம்தான், அதில் ஒன்று போனால் என்ன மிஞ்சும்?

சரி, எப்படிக் கூட்டிக்கொண்டு போவது? நல்ல பிட்சிங் கோச்சுகள் பிப்ரவரியில் சீசனின் முதல் வாரத்தில் 65, 70ல் நிறுத்திவிடுவார்கள். வாரத்துக்குப் பத்துப் பத்தாக ஏற்றி, மார்ச் நடுவில் 95, 100ஐத் தொடுவார்கள். இடையில் நடுவாரத்தில் ஒரு லேசான புல்பென் பயிற்சி, இருபத்தைந்து முப்பது பந்து. சட்டென்று சுமை ஏறினால் ஆபத்து என்கிற யோசனையை கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர்களை வைத்து நடந்த ஆய்வுகளும் சொல்லின, ஒரு வாரச் சுமையை முந்தைய நான்கு வாரச் சராசரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. அந்தக் கணக்கு முறை மீது விமர்சனங்கள் உண்டு. ஆனால் திடீரென்று ஏற்றாதே என்கிற அடிப்படையை நான் முழுசாக நம்புகிறேன். மழையால் ஒரு வாரம் ஆட்டம் ரத்தாகி, அடுத்த வாரம் நேராக 110க்குப் போன பையன்களை என் சார்ட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

இப்படி மூன்றரை மாதம் பார்த்துப் பார்த்துக் கட்டியதெல்லாம் ஜூன் வந்தால் உடையும். தேசியப் பட்டத்துக்கான தொடரில் 64 அணிகள், நான்கு நான்காகப் பதினாறு ரீஜனல் என்னும் முதல் சுற்றுக் குழுக்கள். இரண்டு தோல்வி வந்தால் வெளியே. முதல் ஆட்டத்தில் தோற்ற அணி ரீஜனலை வெல்ல வேண்டுமானால் நான்கு நாளில் ஐந்து ஆட்டம் ஆட வேண்டும். அதற்கு எந்த அணியிடமும் போதுமான பிட்சர்கள் இருக்க மாட்டார்கள், வெள்ளிக்கிழமை போட்டவர் திங்கட்கிழமை மறுபடி புல்பென்னில் கை சுழற்றுவார்.

2009 மே 30, டெக்சஸுக்கும் பாஸ்டன் காலேஜுக்கும் நடந்த 25 இன்னிங்ஸ் ஆட்டம் இதற்கெல்லாம் உச்சம். டெக்சஸின் ஆஸ்டின் வுட் ரிலீவராக (இடையில் இறங்கும் மாற்றுப் பிட்சராக) வந்து 13 இன்னிங்ஸ், 169 பந்து போட்டார். அதில் பன்னிரண்டு இன்னிங்ஸுக்கு மேல் ஒரு ஹிட் (பேட்டர் அடித்து பேஸை எட்டுவது) கூடக் கொடுக்கவில்லை. அதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும், அடுத்த நொடியே வயிறு கலங்கும். அவர் மேஜர் லீக் வரை போகவில்லை. 2018ல் ஓரிகன் ஸ்டேட்டின் கெவின் ஏபல், முதல் வருட மாணவர், இறுதிக் கட்டம் நடக்கும் ஓமாஹாவில் கோப்பையைத் தீர்மானித்த ஆட்டத்தில் 129 பந்து போட்டு அர்கன்சாஸை ஒரு ரன் கூட எடுக்கவிடாமல் ஜெயித்தார். முந்தின இரவும் ரிலீவராகப் போட்டிருந்தார். 2019ல் டாமி ஜான். மறுபக்கமும் உண்டு: எல்எஸ்யூவின் (லூசியானா ஸ்டேட்) பால் ஸ்கீன்ஸ் 2023ல் வேக் ஃபாரஸ்டுக்கு எதிராக ஓமாஹாவில் 120 பந்து போட்டார், அதன் பிறகு இறுதித் தொடரில் அவரை இறக்கவே இல்லை. மூன்றாவது ஆட்டத்தில் 18-4 என்று ஜெயித்ததால் தேவைப்படவில்லை என்பதும் உண்மைதான்.

இதெல்லாம் பார்த்த பிறகு என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். வெள்ளி இரவுக்கான எண்ணை வியாழக்கிழமையே எழுதிவிடுங்கள். பிட்சிங் கோச்சும் வீரர்களின் உடல்நிலையைக் கவனிக்கும் டிரெய்னரும் உட்கார்ந்து, போன வாரம் எத்தனை, அதில் கடினமான இன்னிங்ஸ் எத்தனை, நடுவார புல்பென்னில் வேகம் எப்படி இருந்தது என்று பார்த்து ஓர் எண். அதைப் பிட்சரிடமும் அன்றே சொல்லிவிட வேண்டும். ஒரே இன்னிங்ஸில் 30ஐத் தாண்டினால் அந்த எண்ணில் பத்து குறையும் என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். எல்லை வர பதினைந்து பந்து இருக்கும்போதே ரிலீவர் எழுந்துவிட வேண்டும்.

நோ-ஹிட்டர், அதாவது எதிரணிக்கு ஒரு ஹிட் கூடக் கொடுக்காத ஆட்டம், வந்தால்? 2019ல் வாண்டர்பில்ட்டின் குமார் ராக்கர் டியூக்குக்கு எதிராக 19 ஸ்ட்ரைக்அவுட்டோடு நோ-ஹிட்டர் போட்டபோது 131 பந்து. அந்த இரவில் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்திருப்பேன் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கும் ஓர் எண்ணை வியாழக்கிழமையே எழுதலாம்: நோ-ஹிட்டர் என்றால் 120 வரை, அடுத்த வாரம் கட்டாய ஓய்வு. யோசித்து எடுத்த முடிவு என்றால் மனசு கொஞ்சம் ஆறும்.

என் இரண்டாவது சீசனில் புதிதாக வந்த பிட்சிங் கோச் இதைத்தான் செய்தார். வியாழன் பயிற்சி முடிந்ததும் வெள்ளைப் பலகையில் மூன்று பெயர், மூன்று எண். பத்து பந்து பாக்கி இருக்கும்போது அவரிடம் சொல்வது என் பொறுப்பு. மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை, பலகையில் 95, ஆறாவது இன்னிங்ஸ் முடிவில் 94, நாங்கள் ஒரு ரன் பின்னால். அவர் பிட்சரிடம் எதுவும் கேட்கவில்லை, கை மட்டும் கொடுத்தார். அவன் க்ளவ்வை பெஞ்சில் எறிந்துவிட்டு என்னைத்தான் முறைத்தான். அந்த ஆட்டம் தோற்றோம். மறுநாள் காலை அவுட்ஃபீல்டில் மெதுவாகக் கேட்ச் ஆடிவிட்டு என் வாளிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "நேத்து புல்பென்னையும் சேர்த்தா மொத்தம் எத்தனை?" என்றான். நான் சார்ட்டைத் திறந்து கூட்ட ஆரம்பித்தேன்.