அரசு பஸ் வரும் வரை

ஜூலை 17, 2025

ஆடி பிறந்துவிட்டது. என் ஜாதகத்தை அம்மா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். ஆவணி பிறக்க 31 நாள். அதுவரை தரகர் வாசல் ஏறமாட்டார்.

ஜூலை 19

நான் விரும்பும் பெண் வேலை பார்க்கும் புடவைக் கடையில் ஆடித் தள்ளுபடி. இந்த மாதம் ஞாயிற்றுக்கிழமையும் விடுப்பு கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். எனக்குக் கிடைத்த மாதம் அவளுக்குக் கிடைக்கவில்லை.

ஜூலை 22

இரவு 9.40, திருச்சி மெயின்கார்டு கேட் பஸ் நிறுத்தம். அவள் கணுக்கால்கள் வீங்கியிருந்தன. கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021இலேயே சட்டம் வந்துவிட்டது. அவள் பிரிவிலும் ஒரு முக்காலி இருக்கிறது. அதன்மேல் புடவை அடுக்கியிருக்கிறார்கள்.

தனியார் பஸ்கள் இரண்டு வந்தன. ஏறவில்லை. பெண்களுக்கு இலவசம் என்பதால் அரசு டவுன் பஸ்தான் அவளுக்கு. திருவானைக்கோவில் போகும் அந்த பஸ் வரும்வரை எங்கள் நேரம். இன்று பதினெட்டு நிமிடம். துணியின் நூல் எண்களைப் பற்றி, அதாவது நூல் எவ்வளவு மெல்லியது என்பதைப் பற்றிச் சொன்னாள், விரலால் தொட்டே சொல்லிவிடுவாளாம். என் சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்தாள். என்ன எண் என்று சொல்லவில்லை.

ஜூலை 23

பஸ் உடனே வந்துவிட்டது.

ஜூலை 26

தாழ்ப்பாளைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு 32 வயது. இந்த வீட்டில் தாழ்ப்பாள் உள்ள கதவுகள் மூன்று: வாசல், கழிவறை, அப்பா அம்மா படுக்கும் அறை. நான் கூடத்தில் பாய் விரிப்பவன். போன் பேச மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் பின்னால் போகவேண்டும். நேற்று அங்கே அவள் அழுதாள், நான் 'சரி, சரி' என்று மட்டும் சொன்னேன், படியில் அப்பா இருமும் சத்தம் கேட்டதால். அவளுக்கு வேறு எதுவும் தேவைப்பட்டிருக்காது, என் குரல் முழுதாகத் தேவைப்பட்டது.

தொகுப்பூதியம் ரூ.14,000. வீட்டுக்கு 8,000, கல்விக் கடனுக்கு 3,500. மீதி 2,500இல் வாடகைக்கு அறை எடுக்க முடியாது. வீட்டுக்குக் கொடுப்பதை நிறுத்தினால் முடியும். அப்பாவின் மாத்திரைகள் அந்த 8,000இல்தான் வருகின்றன.

ஜூலை 27

காபிக்கு அவள் பணம் எடுத்தாள். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். முகம் வாடிவிட்டது. நாள் முழுக்க நின்று சம்பாதித்த பணம் அது, அதை நான் மதிக்கவில்லை என்று நினைத்திருப்பாள். தடுத்திருக்கக் கூடாது.

ஜூலை 30

“ராத்திரி யாருடன் பேசுகிறாய்?” என்று அம்மா கேட்டாள். நண்பன் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, கீரை ஆய்ந்துகொண்டே, “எந்த ஊர், யார் வீடு?” என்றாள்.

அந்தக் கேள்வியின் உள்ளே இருக்கும் கேள்வி எனக்குத் தெரியும். பதில் அம்மாவுக்குப் பிடிக்காது.

ஆகஸ்ட் 3

பதினெட்டாம் பெருக்கு. ஜூன் கடைசியிலேயே மேட்டூர் 120 அடியைத் தொட்டுவிட்டதால் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் படிக்கட்டு தளும்பத் தண்ணீர். காப்பரிசி, காதோலை, கருகமணி எல்லாம் வைத்து அம்மா படைத்தாள். என் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டினாள். ஒன்று மிஞ்சியது. “யாருக்கு அம்மா?” என்றேன். “வருகிறவளுக்கு” என்று மஞ்சள் டப்பாவில் போட்டுக்கொண்டாள்.

அவள் அந்நேரம் கடையில் நின்றுகொண்டிருந்தாள். ஆற்றை ஒரு படம் எடுத்து அனுப்பினேன். இரவு பத்து மணிக்குத்தான் பார்த்தாள்.

ஆகஸ்ட் 5

அந்தக் கயிற்றை எடுத்துப்போய்க் கொடுத்தேன். கையில் கட்டிக்கொள் என்று அவளிடமே நீட்டினேன். கட்டிவிட எனக்குப் பயமாக இருந்தது. பல்லால் ஒரு முனையைப் பிடித்து அவளே முடிச்சிட்டாள். இருபத்தைந்து நிமிடம் பஸ் வரவில்லை.

ஆகஸ்ட் 7

அப்பா இருமிவிட்டுத்தான் படியேறுகிறார். கீழே இருக்கும்போது அவர் இருமுவதே இல்லை. இன்றுதான் கவனித்தேன்.

ஆகஸ்ட் 8

அம்மா மஞ்சள் டப்பாவைத் திறந்தாள். மூடிவிட்டாள்.

ஆகஸ்ட் 11

பத்தாம் தேதி வரவேண்டிய சம்பளம் இன்னும் வரவில்லை. ஆவணிக்கு ஆறு நாள்.